பெட்டிக்கு வைத்த பொட்டு

என் பட்டறைத் தரையில் ஒரு பெண் ஒருக்களித்துச் சுருண்டு படுத்திருந்தாள். முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் அவள் கணவர் சாக்கட்டியோடு குந்தி உட்கார்ந்து, அவள் உடம்பைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். நான் வாசல் பக்கம் திரும்பி நின்று, ஒன்றுமே நடக்காத தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, இந்தப் பக்கம் திரும்புங்க. அளவு உங்களுக்குத்தான்" என்றார் அவர்.

"நீங்க போட்டு முடிங்க. அப்புறமா பாக்கறேன்."

"அண்ணே, படுத்துக் கெடக்கறவ நானு. எனக்கே வெக்கமில்ல, உங்களுக்கு இன்னா வெக்கம்?" என்று தரையிலிருந்து குரல் வந்தது.

அவள் பெயர் கலா. என்னை முதல் நாளே அண்ணே என்று கூப்பிட்டுவிட்டதால் நானும் தங்கையைப் போல 'அவள்' என்றே எழுதுகிறேன். கணவர் பெயர் தனபால். மேடையில் மாயாஜால வித்தை செய்பவர். இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. பெட்டிக்குள் ஆளை வைத்துப் பூட்டி, கண்மூடித் திறப்பதற்குள் ஆள் மாறி நிற்கும் வித்தைக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று வந்திருந்தார்கள்.

கட்டிலுக்கு அளவெடுத்திருக்கிறேன். ஜன்னலுக்கு, சாமி மாடத்துக்கு, ஒருமுறை நாய் வீட்டுக்குக்கூட எடுத்திருக்கிறேன். ஒரு பெண்பிள்ளைக்கு டேப்பைப் பிடிக்க எனக்குக் கை வரவில்லை. என் முழியைப் பார்த்துவிட்டுக் கலாவே சொன்ன யோசனைதான் அந்தச் சாக்கட்டிக் கோடு.

அவர்கள் போன பிறகும் அது தரையில் இருந்தது. ஜன்னல் சட்டம் வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா மேஸ்திரி, இங்க யாரையாச்சும் போட்டுட்டாங்களா? போலீஸ் வந்துட்டுப் போச்சா?" என் மனைவி வசந்தா பெருக்கும்போது அந்தக் கோட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போனாள். "ஆளு படுத்திருக்கிற மாதிரியே கீது. எப்படி மிதிக்கிறது?"

விசில் வைத்திருந்த கை

அளவெடுக்க வந்த அன்று தனபால் நீலச் சட்டை போட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு விசிலின் கயிறு தொங்கியது. கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வித்தைக்காரருக்கு எதற்கு இந்த விசில் வேலை என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எனக்குத் தோன்றுகிற கேள்விகளில் பாதி வாய்வரை வந்து திரும்பிவிடும்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் கலாவே சொன்னாள்.

அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பழைய பெட்டி இருந்தது. ஒரு திருவிழா மேடையில் அதை வைத்து வித்தை காட்டியபோது, முன்வரிசையில் ஒருவன் செல்போனில் படம் பிடித்திருக்கிறான். அங்கேயே அதை மெதுவாக ஓடவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டியிருக்கிறான். அடுத்த வித்தை நடந்துகொண்டிருக்கும்போதே கூட்டம் கைதட்ட ஆரம்பித்துவிட்டது. பாராட்டிக் கைதட்டவில்லை. "பின்னாடி பலக! பின்னாடி பலக!" என்று தாளம் போட்டுக் கத்தியிருக்கிறார்கள்.

"அன்னிக்கு மேடையவுட்டு எறங்கனவருதான் அண்ணே. மறுபடி ஏறல. இந்தப் பெட்டியும் சரியா வரலன்னா எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடுவேன்னு சொல்லிட்டாரு. புறா பறந்த கையில விசிலு இருக்குது. எனக்குப் பாக்க முடியல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டி வேண்டும் என்று வந்தது கலா. தனபால் கூட வந்தவர்.

சொல்தா வீட்டு மேசை

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிறகு எனக்குப் பாடம் சொன்னதெல்லாம் பழைய மரச்சாமான்கள்தான்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைச் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு வீட்டில் பெரிய எழுத்து மேசை ஒன்று இருந்தது. அதில் ஒரு ரகசிய இழுப்பறை உண்டு என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கே என்று தெரிந்தவர் மட்டும் உயிரோடு இல்லை. பாலிஷ் போடப் போன என்னை, எப்படியாவது கண்டுபிடி என்றார்கள்.

தடவித் தடவித் தேடினேன். இணைப்பே தெரியவில்லை. மரத்தின் ரேகை ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடியது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தால் வருடியபோது ஓரிடத்தில் மட்டும் மயிரிழை போலத் தட்டியது. அழுத்தினேன். திறந்துகொண்டது. வீடே கூடிவிட்டது. உள்ளே காய்ந்து கறுத்த ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. வேறொன்றும் இல்லை.

அவர்கள் சிரித்தார்கள். நான் அந்த இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும், சேர்த்த இடமே தெரியக்கூடாது என்று அன்று மனதில் பதிந்துவிட்டது.

அதனால் கலாவின் பெட்டிக்கும் அப்படித்தான் திட்டம் போட்டேன். வழவழவென்று பலகை, கண்ணாடி போல வார்னிஷ், எங்கேயும் கோடு தெரியாத கதவு. ஒரு பக்கத்தை மாதிரிக்குச் செய்து காட்டினேன். தனபால் தடவிப் பார்த்து, "பிரமாதம்" என்றார்.

கலா தள்ளிப்போய்ப் பட்டறையின் அந்தக் கோடியில் நின்று பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள். பிறகு, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "இவ்ளோ வழவழன்னு இருந்தா, பாக்கறவன் கோடு எங்கேன்னுதான் தேடுவான். ஒளிச்சு வெச்சிருக்குன்னு தெரிஞ்சாதானே தேடுவான்? கோட்ட ஒளிக்காதீங்க. பெட்டி முழுக்கக் கோடா போட்டுடுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முதுகில் சிலிர்த்தது.

குறுகலான பலகைகளை நெட்டுக்குத்தாக வரிசையாக நிறுத்தி நான்கு பக்கமும் செய்யச் சொல்கிறாள். இரண்டு பலகைக்கு நடுவிலும் இடைவெளி தெரியும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தொடலாம். அத்தனை இணைப்பிலும் ஒன்றுதான் திறக்கும். திறக்கிற கோடு, திறக்காத கோடுகளின் கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கும்.

கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டால் நம்மை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதை மரத்தில் செய்யலாம் என்பது கலா சொல்லித்தான் தெரிந்தது.

உள்ளே இருந்து பார்த்தால்

தேக்கு வேண்டாம் என்றாள். தூக்கிக்கொண்டு அலைய முடியாது. வெளிநாட்டுச் சாமான் கட்டி வரும் பைன் பலகையை வாங்கி இழைத்தேன். இழைக்க இழைக்கப் பட்டறை முழுக்க ஊதுவத்திக் கடை மாதிரி மணந்தது. மேலே கறுப்புப் பெயின்ட், மூலைகளில் பித்தளைப் பட்டை.

பின்பக்கத்தில், நட்டநடுக் கோட்டில் ஆரம்பித்து இரண்டு பலகைகள் சேர்ந்து உள்பக்கமாகத் திறக்கும். இவ்வளவு வெளிப்படையாக எழுதலாமா என்று கேட்காதீர்கள். கலாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்தப் பெட்டியில் இப்போது அவர்கள் வீட்டுப் பாய் தலையணைதான் இருக்கிறது.

கலா வேலை முடிந்து வரும் சாயங்காலங்களில் பெட்டிக்குள் இறங்கிப் பார்ப்பாள். மூடியைச் சாத்துவேன். உள்ளேயிருந்து குரல் வரும்.

"கீல் கத்துது அண்ணே."

"எனக்குக் கேக்கலையே."

"உங்களுக்கு எப்படிக் கேக்கும்? இங்க இடி மாதிரி கேக்குது."

மெழுகு தடவினேன். அடுத்த முறை, கொக்கி தோளில் இடிக்கிறது என்றாள். தள்ளி வைத்தேன். முழங்கை மடங்கும் இடத்தில் பலகையின் உள்பக்கத்தைக் கொஞ்சம் குடைந்து கேட்டாள். குடைந்தேன். அவ்வளவு நறுக்காகச் சொல்கிற வாடிக்கையாளர் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எப்படியம்மா இவ்வளவு சின்ன இடத்தில் மடங்குகிறாய் என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"எங்க அப்பா மில்லு தொழிலாளி. ஒத்த ரூமு வீடு, பொறந்தது அஞ்சு பொண்ணுங்க. கால நீட்டிப் படுத்தா ஒதைதான். கல்யாணத்துக்கு அப்புறந்தான் அண்ணே கால நீட்டியே தூங்கனேன். இந்த மனுஷன் அதுக்கும் பெட்டி கொண்டாந்துட்டாரு" என்று சிரித்தாள்.

பிறகு என்னையே உள்ளே போகச் சொன்னாள். மாட்டேன் என்றேன். விடவில்லை. மடங்கி உட்கார்ந்தேன். மூடி சாத்தியது. இருட்டு. பைன் வாசனையும் பெயின்ட் வாசனையும். பலகைகளுக்கு நடுவே ஒளி நூல் நூலாக உள்ளே இறங்கியிருந்தது. வெளியே தனபால் இருமுவது தூரத்தில் எங்கேயோ கேட்பது போல இருந்தது. என்னை யாரும் பார்க்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ரொம்ப சுகமாக இருந்தது.

"அண்ணே, தூங்கிட்டீங்களா? வெளிய வாங்க!"

வெளியே வந்தபோது ஒன்று புரிந்தது. பெட்டியை நான் எப்போதும் வெளியிலிருந்தே பார்த்துச் செய்திருக்கிறேன். கலாவுக்கு அது உள்பக்கம்தான். நாங்கள் இருவரும் சேர்ந்தால்தான் அது ஒரு முழுப் பெட்டி. இதை ஒரு பெருமையாக நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையில் ஓர் ஓட்டை இருந்தது அப்போது தெரியவில்லை.

ஆயுத பூஜை

பெட்டி முடிந்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. மறுநாள் விஜயதசமி சாயங்காலம் அரியாங்குப்பத்தில் ஒரு தெருக்காரர்கள் போட்டிருந்த மேடையில் நிகழ்ச்சி. புதிதாகத் தொடங்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று தனபால் ஒப்புக்கொண்டிருந்தார்.

எங்கள் பட்டறையில் பூஜை என்றால் வசந்தாவின் ராஜ்ஜியம். காலையிலிருந்து சந்தனக் கட்டையைக் கல்லில் உரசி உரசி அரைத்தாள். உளி, இழைப்புளி, ரம்பம், அறுக்கும் மிஷின், என் ஸ்கூட்டர், மின்சார மீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தாள். கலாவின் பெட்டிக்கும் வைத்தாள். நான்கு பக்கமும், ஒவ்வொரு பக்கத்திலும் நட்டநடுவில், எட்டணாக் காசு அகலத்துக்கு.

கறுப்புப் பெட்டியில் மஞ்சளும் சிவப்புமாக அந்தப் பொட்டு அவ்வளவு எடுப்பாக இருந்தது. பொரி தின்றுகொண்டே தனபால் தள்ளி நின்று பார்த்தார்.

"அழிக்காதீங்க. மேடையில நல்லா இருக்கும்."

நானும் பார்த்தேன். கலாவும் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. பூஜை போட்ட பொருளை அன்று எடுத்துப் புழங்க மாட்டோம் அல்லவா? அதனால் பெட்டியை யாரும் திறக்கவில்லை. மறுநாள் அப்படியே குட்டியானை வண்டியில் ஏற்றி, பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோனோம்.

அஞ்சலை போட்ட முடிச்சு

தெருவை அடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். நானும் வசந்தாவும் ஓரமாக உட்கார்ந்தோம். சின்னச் சின்ன வித்தைகள் முடிந்து பெட்டி வந்ததும் முன்வரிசையில் செல்போன்கள் எழும்பின. தனபால் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"பெட்டியப் பாத்துச் சொல்ல ஒருத்தர் மேல வாங்க" என்றார் மைக்கில்.

யாரும் அசையவில்லை. பிறகு ஓர் அம்மா எழுந்தார். வைத்திக்குப்பத்திலிருந்து வந்து அந்தத் தெருக்களில் மீன் விற்பவர். எல்லோருக்கும் தெரிந்தவர் போலிருக்கிறது. "அஞ்சலை போவுதுடோய்!" என்று விசில் பறந்தது.

"பேரு சொல்லுங்கம்மா."

"பேரு கெடக்கட்டும். கயிறு இன்னா கயிறு? அத எங்கிட்ட குடு. உன் முடிச்செல்லாம் எனக்கு வாணாம். எங்க படகு கட்டற முடிச்சு நான் போடறேன். அவுத்துக் காட்டு."

கூட்டம் ஆர்ப்பரித்தது. கலா நீலப் புடவையைச் சொருகிக்கொண்டு பெட்டிக்குள் இறங்கினாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மூடியைச் சாத்திப் பூட்டினார்கள். அஞ்சலை பெட்டியின் இரண்டு ஓரத்திலும் கயிற்றைச் சுற்றி, காலை ஊன்றி இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு பெட்டியைச் சுற்றி வந்தார். பலகைகளைத் தட்டினார். பின்பக்கம் வந்ததும் அந்தச் சந்தனப் பொட்டைப் பார்த்துவிட்டு, விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சாமி கும்புட்ட பெட்டி. நல்லாத்தான் கீது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பொட்டு நட்டநடுக் கோட்டின் மேல் இருக்கிறது. திறக்கிற கோடு. ஒரு நாள் காய்ந்த சந்தனம். பலகை அசைந்தால் இரண்டாகப் பிளந்து உதிரும். மற்ற மூன்று பக்கத்துப் பொட்டும் முழுசாக இருக்க, இது மட்டும் உடைந்திருக்கும். எது கதவு என்று சின்னக் குழந்தை சொல்லிவிடும். அஞ்சலை திரும்ப வந்து பார்ப்பார். அத்தனை செல்போனும் கூடவே வரும்.

கத்தலாமா என்று நினைத்தேன். எழுந்து நின்றேன். கூட்டத்தில் எழுந்து நின்றதே எனக்குப் பெரிய விஷயம். பின்னாலிருந்து ஒருவர், "யோவ், உக்காருய்யா, மறைக்குது!" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

தனபால் பெட்டி மேல் ஏறினார். சுற்றிலும் திரை ஓடி மூடியது. திரைக்குள்ளிருந்து மூன்று முறை கை தட்டும் சத்தம் வரும். முதல் இரண்டும் தனபாலின் கை. மூன்றாவது கலாவின் கை. அதோடு திரை விலகும். பட்டறையில் அவர்கள் பழகியபோது மூன்றும் ஒரே தாளமாக விழும்.

ஒன்று. இரண்டு.

மூன்றாவது வரவில்லை.

திரை அப்படியே நின்றது. யாரோ சிரித்தார்கள். "மாட்டிக்கினான்டோய்!" என்று ஒரு குரல். வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் ஒரு பையன், "பின்னாடி…" என்று இழுக்க ஆரம்பித்தான்.

மூன்றாவது கை தட்டியது. திரை விலகியது.

பெட்டி மேல் கலா இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். முகம் முழுக்க வேர்வை. சிரித்துக்கொண்டிருந்தாள். தெருவே அதிர்ந்தது. நான் மட்டும் அவள் நெற்றியைப் பார்த்தேன். அது வெறுமையாக இருந்தது.

நான்காவது பொட்டு

அஞ்சலை முதலில் முடிச்சுக்குப் போனார். குனிந்து பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். "என் முடிச்சுதான். எவனும் கைய வெக்கல" என்று மைக்கில் சொல்லிவிட்டு அவிழ்த்தார். பூட்டைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து தனபால் எழுந்தார். மறுபடியும் ஆரவாரம்.

அஞ்சலைக்கு மனம் ஆறவில்லை. பெட்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமாகத் தடவினார். ஒவ்வொரு பொட்டையும் தொட்டார். மூன்று பக்கமும் காய்ந்த சந்தனம். நான்காவது, பின்பக்கம். தொட்டார். விரலை எடுத்துப் பார்த்தார்.

விரல் நனைந்திருந்தது. நுனி சிவந்திருந்தது.

அவர் நிமிர்ந்து கலாவின் நெற்றியைப் பார்த்தார். கலாவும் அவரைப் பார்த்தாள். கலாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. அந்த அம்மாவின் கையில் மைக் இருக்கிறது. ஒரு வார்த்தை போதும்.

"இன்னா புள்ள" என்றார் அஞ்சலை. "இவ்ளோ வித்தை பண்ற, நெத்திய இப்படி வெறுமனே வுட்டுட்டா நிப்ப? வூட்டுக்காரன் பக்கத்துலயே நிக்கறான்!"

சொல்லிவிட்டு, அந்த விரலாலேயே கலாவின் நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார்.

ஆசீர்வாதம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். கலா குனிந்து அவர் காலைத் தொட்டாள். படியிறங்கி வந்தவரை முன்வரிசைப் பையன்கள் மொய்த்துக்கொண்டார்கள்.

"அஞ்சல, இன்னா ட்ரிக்கு? பாத்தியே, சொல்லு!"

"தெரிஞ்சா உங்கிட்ட சொல்லுவேனா? போடா."

மேடைக்குப் பின்னால் போனேன். கலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பலகய இழுத்தேன் அண்ணே, வெரல்ல சந்தனம் பொலபொலன்னு உதுந்துச்சு. அப்பதான் பொட்டு ஞாபகமே வந்துச்சு. வெளிய வந்து, இவரு உள்ள போனதும் பலகய மூடிட்டு எச்சியத் தொட்டுச் சந்தனத்தக் கொழச்சு இழுத்துட்டேன். குங்குமத்துக்கு இன்னா, கடைக்கா போவணும்? நெத்தியிலதான் இருக்குதே."

"நான் உள்ள மூச்சப் புடிச்சிக்கினு கெடக்கறேன்" என்றார் தனபால். "இவ வெளிய கோலம் போட்டுக்கினு இருந்திருக்கா!" சொல்லிக்கொண்டே, கழற்றி வைத்திருந்த நீலச் சட்டையின் பையைத் துழாவி விசிலை எடுத்தார். அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையிடம் கொடுத்தார். அது உடனே காது கிழிய ஊதியது. "மேஸ்திரி, அடுத்து ஆள ரெண்டா அறுக்கற பெட்டி. எப்ப ஆரம்பிக்கலாம்?"

"அறுக்கறது யார?" என்றாள் கலா. "இந்தத் தபா உங்கள."

எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று போனவன், "முழங்காலுக்குத் தைலம் தடவும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்கூட்டரில் பாலத்தின் மேல் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஆற்றுக் காற்று உப்பாக வீசியது. வசந்தா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள். பெட்டியின் ரகசியம் அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. இதைப் படிக்கும்போதுதான் தெரியப்போகிறது.

"பாத்தீங்களா? அந்த அம்மா சுத்திச் சுத்தி எப்படித் தொட்டுப் பாத்துச்சு! நான் வெச்ச பொட்டு ஒண்ணுகூடக் கலையல."

"ஆமா" என்றேன்.

"சந்தனம் அப்படி அரைச்சேன்."